கன்னம் வழித்த கைகள்

நிச்சயதார்த்தத்தன்று என் காதில் விழுந்ததெல்லாம் நெட்டி முறிக்கும் சத்தம்தான். ஒவ்வொருத்தியாக வந்தாள், இரண்டு கைகளாலும் என் கன்னத்தை வழித்தாள், அந்தக் கைகளைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தி மடமடவென்று முறித்தாள். "என் கண்ணே பட்டுரும்போல இருக்குடி" என்றார் பெரியத்தை. மாப்பிள்ளை பரிதியின் அம்மா இரண்டு தடவை வழித்தார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். உள்ளுக்குள் மட்டும் பதறிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வயதிலிருந்து பெற்ற தாயே தொடத் தயங்கிய முகம் இது. இன்றைக்கு ஊரே வழிக்கிறது என்றால் எங்கேயோ கணக்கு இடிக்கிறது என்று தோன்றியது.

முகப்பரு உள்ள பெண்ணுக்கு மதுரையில் இலவசமாகக் கிடைப்பது அறிவுரை. எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே. தலையணை உறையை மாற்று. பூண்டை நசுக்கி வை. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, வேப்பிலை அரைத்துப் போடச் சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போனார். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று சொன்ன அதே ஆட்கள்தான் "இந்த மூஞ்சியோட எப்படிக் கல்யாணம் ஆகும்" என்றும் கேட்டார்கள். எனக்கு மதிவதனி என்று பெயர் வைத்த அப்பாவை அந்த நாட்களில் நான் மன்னிக்கவே இல்லை.

கடைசியில் டாக்டர் நஸ்ரினிடம் போனோம். அண்ணாநகரில் தோல் வைத்தியம் பார்ப்பவர். என் முகத்தைப் பார்த்து முகம் சுளிக்காத முதல் ஆள் அவர்தான்.

"நீ தின்ன பஜ்ஜியால வந்ததில்லம்மா இது. முகம் கழுவாததாலயும் வரல" என்றார். "உன் தோலுக்குள்ள எண்ணெய் சுரக்குற பைங்க இருக்கு. வயசுக்கு வந்ததும் கொஞ்சம் கூடுதலா சுரக்குது. துவாரம் செத்த தோலால அடைச்சுக்குது. உள்ள ஒரு கிருமி இருக்கு, எல்லார் தோல்லயும் இருக்குறதுதான். அது அந்த எண்ணெயைத் தின்னு பெருகுது. உடம்பு அதோட சண்டை போடுது. அந்தச் சண்டைதான் பரு."

"அப்ப அந்தக் கிருமியைக் கொன்னுட வேண்டியதுதானே டாக்டரம்மா" என்றாள் அம்மா.

"கொல்ல மாத்திரை இருக்கு, களிம்பு இருக்கு. பொறுமையா போட்டா நல்லாவே கேக்கும், மாசக்கணக்காகும்."

"தையில கல்யாணம் வைக்கணும்னு பாக்குறோம்" என்றாள் அம்மா. மாப்பிள்ளையே அப்போது பார்த்திருக்கவில்லை.

டாக்டர் சற்று யோசித்தார். "இப்பப் புதுசா ஒண்ணு வந்திருக்கு. இதுல கொல்ற வேலையே கிடையாது. குடியிருக்கிற கிருமியைக் காலி பண்ணிட்டு, வேற கிருமியைக் குடி வைக்கிறோம். ஆய்வுக்கூடத்துல செஞ்ச கிருமி. அது தோலோட பேசி எண்ணெயைக் குறைச்சுக்கச் சொல்லும்."

"அது எங்கம்மா மேல ஒட்டிக்கிட்டா?" என்று நான் கேட்டேன்.

"ஒட்டினாலும் பிழைக்காது. அதுக்கு ஒரு சத்து வேணும், தானா செஞ்சுக்கத் தெரியாது. நான் கொடுக்குற களிம்புல மட்டும்தான் அது இருக்கு. களிம்பு இல்லாத தோல்ல விழுந்தா பட்டினி கிடந்து சாயங்காலத்துக்குள்ள செத்துரும்."

"முதுகுலயும் இருக்கு டாக்டர்" என்றேன். முகத்தைவிட முதுகுதான் மோசம். மல்லாந்து படுத்தால் வலிக்கும். வெள்ளைச் சட்டை போட்டால் பின்னால் கறை தெரியும். டாக்டர், முதலில் முகத்தில் பார்த்துவிட்டுப் பிறகு முதுகுக்கு வரலாம் என்றார். வெளியே வந்ததும் அம்மா அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். "முதுகை யாருடி பாக்கப்போறா? ஜாக்கெட்டை ஏத்தித் தச்சுக்கலாம்."

கார்த்திகை பிறப்பதற்குள் என் முகம் தெளிந்துவிட்டது. சும்மா தெளிந்தது என்று சொன்னால் போதாது. கண்ணாடியில் வேறு யாரோ நின்றாள். பரிதி வீட்டார் வந்து பார்த்த அன்றே சம்மதமென்று கைநனைத்துவிட்டுப் போனார்கள். வைத்தியம் பார்த்த விஷயத்தை மூச்சு விடக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். "பிறந்ததுலேருந்து இப்படித்தான்னு சொல்லு. அவங்க வீட்ல எல்லாருக்கும் தோல் கண்ணாடி மாதிரி." அன்றிலிருந்து பரிதி போன் செய்தால்கூட என் குரல் பிசிறும். அவர் ஒருமுறை, "உனக்கு என்ன சோப்பு?" என்று விளையாட்டாகக் கேட்டார். அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

டாக்டரிடம் சொல்லாத ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பெரியத்தையின் மாவு. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டு வருவார். சொந்தத்தில் அந்த மாவு இல்லாத குளியலறை கிடையாது. அக்கா பொற்கொடி ஐப்பசியில் பெண்குழந்தை பெற்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிரசவித்த உடம்பு என்று அவளுக்குத் தலை முதல் கால் வரை அந்த மாவுதான். குழந்தைக்கும் அதுதான். நானும் முகத்துக்குப் பூசினேன். முதுகில் மட்டும் போடமாட்டேன், புண்ணில் எரியும்.

நிச்சயதார்த்தத்தில் என் கன்னத்தை வழித்த கைகள் அத்தனையும் அடுத்துப் போன இடம் அக்கா மடி. "சித்தியாட்டமே இருக்கா" என்று சொல்லிச் சொல்லிக் குழந்தையின் கன்னத்தை வழித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை ஒவ்வொரு நெட்டிக்கும் திடுக்கிட்டு விழித்தது.

மார்கழி பிறந்த வாரம் குழந்தையின் கன்னம் பளபளத்தது. அம்மா பூரித்துப்போனாள். எனக்குப் பகீரென்றது. அந்தப் பளபளப்பை நான் அறிவேன். களிம்பு பூச ஆரம்பித்த புதிதில் என் முகத்தில் எண்ணெய் வற்றித் தோல் இறுகியபோது வந்த அதே பளபளப்பு. பிறகு தோல் வெள்ளையாகப் பூத்தது. பனிக்காற்று என்றார்கள். தேங்காய் எண்ணெய் தடவினார்கள். பூத்த இடம் வெடித்தது. காதுமடலுக்குப் பின்னாலும் கழுத்து மடிப்பிலும் நீர் கசிந்தது. ஒரு நாள் காலையில் குழந்தை பால் குடிக்கவில்லை. தொட்டால் அனல்.

"பனிக்கு எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான்" என்றாள் அம்மா. அவள் குரலில் தெம்பு இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். "டாக்டர் நஸ்ரினையும் வரச்சொல்லுவோம்."

அம்மா என்னை முறைத்தாள். "அவங்க எதுக்கு? உன் விஷயத்தை எதுக்கு அங்கிட்டு இழுக்குற?"

இழுத்தேன். வேறு வழி தெரியவில்லை.

குழந்தையைத் தனி அறையில் சேர்த்துக் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். மதியம் டாக்டர் நஸ்ரின் வந்தார். குழந்தையின் கன்னத்தில் பஞ்சுக்குச்சியை ஒற்றி ஒரு தாள் பட்டையில் தேய்த்தார். பட்டை நீலமாக மாறியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அக்காவின் கன்னத்தில் ஒற்றினார். நீலம். அம்மாவுக்கும் நீலம்.

"இது உன் முகத்துல நான் வச்ச கிருமி" என்று என்னிடம் சொன்னார். "இவங்க மேலயெல்லாம் எப்படி உயிரோட இருக்கு? வீட்ல எதைப் போட்டுக் குளிக்கிறீங்க?"

அக்கா பையிலிருந்து மாவு டப்பாவை எடுத்து நீட்டினாள். டாக்டர் ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தார். "பாசிப்பயறு" என்றார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தச் சத்து பயறுல இருக்கு. கிருமியைச் செஞ்சவங்களுக்குச் சோப்பு தெரியும், கிரீம் தெரியும். வீட்டுக்கு வீடு முகத்துல பயறு பூசுவாங்கன்னு யாருக்கும் தோணல. எனக்கும் தோணலையே. நானும் இந்த ஊர்ல பிறந்தவதான், சின்ன வயசுல எங்கம்மா எனக்கும் தேச்சுவிட்டதுதான்."

"பெரியவங்களுக்கு எதுவும் ஆகலையே டாக்டர்" என்றாள் அக்கா.

"பெரியவங்க தோல் தாங்கும். கொஞ்சம் வறளும், அவ்வளவுதான். பச்சக்குழந்தைக்கு அந்த எண்ணெய்தான் சட்டை மாதிரி. அது வத்திப்போனா தோல் வெடிக்கும், வெடிச்ச வழியா கண்ட கிருமியும் உள்ள போகும். காய்ச்சலுக்கு மருந்து ஏறுது. ஆனா தோல் மூடலைன்னா மறுபடி மறுபடி வரும். எத்தனை தடவை தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

அக்கா அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவள் என்னை அறைந்திருக்கலாம்.

"இந்தக் கிருமியைக் கழுவி எடுத்துரலாம்" என்றார் டாக்டர். "எடுத்த இடம் காலியாக் கிடக்கக்கூடாது. பழைய கிருமியைக் கொண்டுவந்து வைக்கணும். நாம பருக்கிருமின்னு திட்டுறோமே, அதே ஆள்தான். எண்ணெயை ஒழுங்கா ஓடவிட்டு, கெட்ட கிருமிங்க உள்ள வராம வாசல்ல நிக்கிறதும் அதுதான். அதுவும் யார்கிட்டயிருந்து வேணாலும் எடுக்க முடியாது. வயித்துல இருக்கும்போதே அம்மா உடம்பு தனக்குப் பழகின கிருமியைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்தி வச்சிருக்கும். அந்தக் குடும்பத்துக் கிருமியா இருந்தாத்தான் இந்த நிலைமையில தாங்கும்."

அதிலிருந்து ஆரம்பித்தது எங்கள் தேடல். அக்காவுக்கு முகம், முதுகு, கால் என்று எங்கே ஒற்றினாலும் நீலம். தலை முதல் கால் வரை மாவு தேய்த்த உடம்பு. அம்மாவும் அப்படியே. பெரியத்தையை வரவழைத்தோம், மாவுக்குச் சொந்தக்காரி, பளிச்சென்று நீலம். அப்பாமேல்தான் எல்லாருக்கும் நம்பிக்கை. அப்பாவின் கன்னத்தை யார் வழிக்கப்போகிறார்கள்? அவர் முகம் பார்த்து யாரும் நெட்டி முறித்து நான் கண்டதில்லை. பட்டை மெல்ல மெல்ல நீலமானது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "சவரம் பண்ணினா எரியுதேன்னு... கொஞ்சமா பூசுவேன்" என்றார். வேறொரு நாளாக இருந்தால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்போம். முதுகும் தேய்ப்பாராம்.

டாக்டர் ஒரு பட்டையை எடுத்துத் தன் கன்னத்திலேயே ஒற்றிக்கொண்டதை நான் மட்டும் கவனித்தேன். அதைப் பார்த்துவிட்டு மடக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பரிதியின் அம்மா வந்தார். குழந்தைக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வாசலில் நின்றார். அம்மா சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு எழுந்தாள். "வாங்க சம்பந்தி. ஒண்ணுமில்ல, பனிக்காய்ச்சல். நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்?"

டாக்டர் தன் நினைப்பிலேயே இருந்தார். "குடும்பத்துல மாவே போடாத ஆள் யாராவது இருக்காங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. உடம்புல ஏதாவது ஒரு இடமா இருந்தாலும் போதும்."

அம்மாவின் போன் அடித்தது. தையல்கார அக்கா. அறை அமைதியாக இருந்ததால் அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது. "முகூர்த்த ஜாக்கெட்டுக்கு முதுகை நீங்க சொன்ன மாதிரியே மூடித் தைக்கவா, இல்ல இப்ப எல்லாரும் போடுற மாதிரி இறக்கி வைக்கவா?"

"மூடியே தைங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அவசரமாகப் போனை அணைத்தாள். என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. அம்மாவின் கண்கள் பரிதியின் அம்மா பக்கம் போய்த் திரும்பின. வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள். தன் மகள் வயிற்றுப் பேத்தி கட்டிலில் கிடக்கிறது, இருந்தும் அசைத்தாள். அவளை எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை. எத்தனையோ வருஷமாக என் முகத்துக்காக அவள் பதில் சொல்லி அலுத்தவள்.

குழந்தை முனகியது. அழக்கூடத் தெம்பில்லாத முனகல்.

"என் முதுகுல இருக்கு டாக்டர்" என்றேன். "முதுகு பூராப் பரு. உங்க களிம்பும் படல, மாவும் படல. யாரும் தொட்டதும் இல்ல."

"வதனி" என்றாள் அம்மா.

"இருக்கும்மா. எதுக்கு மறைக்கணும்?" பரிதியின் அம்மா பக்கம் திரும்பினேன். "அத்தை, என் மூஞ்சி மருந்தால வந்தது. முன்னால பாத்தா நீங்க அடையாளம் கண்டுபிடிக்க மாட்டீங்க. அந்த மருந்துதான் கை வழியாப் போயி பாப்பாவை இப்படிப் பண்ணியிருக்கு. நீங்களும் என்னை வழிச்சீங்க. தயவுசெஞ்சு வீட்ல குழந்தைங்க யாரையும் தொடாதீங்க."

பரிதியின் அம்மா பழப்பையைக் கீழே வைத்தார். தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். வீட்டில் பரிதியின் அண்ணன் மகன் இருந்தான், ஒரு வயதுகூட ஆகவில்லை.

"அவனுக்கும் கன்னம் உரியுது" என்றார் மெதுவாக. "தாம்பூலத் தட்டோட நீங்க குடுத்துவிட்ட மாவுதான் போடுறோம்."

பெரியத்தை சுவரில் சாய்ந்துவிட்டார். டாக்டர் எழுந்து வந்து, அந்தப் பிள்ளையை உடனே கூட்டிவரச் சொன்னார். "ஆரம்பத்துலயே பிடிச்சிரலாம், பயப்படாதீங்க. ஆனா உங்க குடும்பத்துல ஒரு ஆள் வேணும். இவங்க வீட்டுக் கிருமி உங்க பிள்ளைக்கு ஆகாது. மாவு படாத, பழைய தோல் உள்ள ஆள்."

பரிதியின் அம்மா முந்தானையில் கைகளைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் அந்த வாயில்தான் நின்றது.

"பரிதி" என்றார் கடைசியில். "ஆத்துக்குக் குளிக்கப் போனாக்கூடச் சட்டையைக் கழட்ட மாட்டான். முதுகு பூரா இதேதான், மாவு தேய்க்கவும் விடமாட்டான். பொண்ணு வீட்ல மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. அக்காதான் முதலில் அசைந்தாள். குழந்தையின் பக்கத்திலிருந்து எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். அப்பா அதற்கு முன்பே வெளியே போய்விட்டார்.

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சேலையை விலக்கி ஜாக்கெட்டைக் கழற்றினேன். வெளிச்சத்தில் என் முதுகை இத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை. கூசியது. டாக்டர் கையுறை மாற்றிக்கொண்டு, பழுத்த பருக்களை விட்டு, ஆறிய தோலில் பஞ்சுக்குச்சியை ஒற்றினார். பட்டையில் தேய்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெள்ளை" என்றார் டாக்டர். "வெள்ளையாவே இருக்கு."

அக்கா விசும்பினாள். அன்றைக்கு அவள் அழுதது அப்போதுதான்.

டாக்டர் இன்னும் பல குச்சிகளை ஒற்றி எடுத்தார். ஆய்வுக்கூடத்தில் சுத்தப்படுத்தி வளர்த்துத்தான் குழந்தைக்கு வைப்பார்களாம், அதுவரை மருந்து தாக்குப்பிடிக்கும் என்றார். பிறகு தயங்கினார். "இன்னொண்ணு வதனி. உன் முகத்துல இருக்குறதையும் நான் எடுத்தாகணும். இல்லைன்னா நீ பாப்பாவைத் தூக்கவே முடியாது. முகூர்த்தத்தன்னைக்கு முகம் பழையபடி ஆயிருக்கும். அப்புறமா மாத்திரை, களிம்புன்னு பொறுமையா பாப்போம்."

"எடுங்க" என்றேன். கண்ணாடியில் நின்ற அந்த வேறொருத்தியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

பரிதியின் அம்மா போனில் பேசுவது பின்னால் கேட்டது. "சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பி வா. வெக்கப்படாத. அந்தப் பிள்ளையே வெக்கப்படல."

அம்மா எழுந்து எனக்குப் பின்னால் வந்தாள். ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் என் முதுகை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவளுடைய இரண்டு கைகளும் என் தோளுக்கு நேராக வந்தன.

"தொட்டுறாதீங்கம்மா" என்றார் டாக்டர். "உங்க கையிலயும் இருக்கு. இந்த முதுகு கெட்டா வேற இல்ல."

கைகள் அப்படியே நின்றன. அவற்றின் சூடுகூட என் முதுகில் பட்டது. அம்மா தொடாமல், மேலிருந்து கீழே வெறுங்காற்றை வழித்தாள். வழித்த கைகளைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். ஒரு நெட்டிகூட மிச்சமில்லாமல் அத்தனை விரலும் முறிந்தன.